மருத்துவ வட்டாரத்தில் ஆட்களைத் தெரிந்து வைத்துக்கொள்வது எப்படி? ஹவுஸ் சர்ஜன் முதல் கடைசி வருட பி.ஜி. வரை முழுமையான வழிகாட்டி

இது தமிழ்நாட்டில் சி.ஆர்.ஆர்.ஐ. (எம்.பி.பி.எஸ். முடிவில் வரும் ஹவுஸ் சர்ஜன் பயிற்சி) செய்பவர்களுக்கும் எம்.டி., எம்.எஸ். படிக்கும் பி.ஜி.க்களுக்கும் எழுதியது. நான் ஜெனரல் மெடிசின் படித்தவன். அதனால் உதாரணங்கள் வார்டுப் பக்கமே இருக்கும். சர்ஜரிக்காரர்கள் வார்டு என்று வரும் இடத்தில் தியேட்டர் என்று போட்டுக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு வருடமும் புதிதாக வரும் பி.ஜி.க்கள் ஒரே மாதிரித்தான் தொடங்குகிறார்கள். முதல் மாநாட்டில் பெரிய பேராசிரியருடன் ஒரு செல்ஃபி, லிங்க்ட்இன்னில் முந்நூறு பேருக்கு ரெக்வெஸ்ட். ஆனால் எதிர் வார்டு ஏ.பி.யின் (உதவிப் பேராசிரியரின்) பெயர் தெரியாது. வரிசையே தலைகீழ். சரியான வரிசை: சொந்த யூனிட் (ஒரு தலைமை மருத்துவரின், அதாவது சீஃபின், கீழ் இயங்கும் குழு), மற்ற துறைகள், நமக்கு நோயாளிகளை அனுப்பும் மருத்துவமனைகள், மாவட்டம், அப்புறம்தான் மாநாடு. வெளியூர்க்காரர் ஒருவர் உங்களைப் பற்றி விசாரிக்க நினைத்தால், முதலில் போன் போடுவது உங்கள் கல்லூரியில் தனக்குத் தெரிந்தவருக்குத்தான். அந்தப் போனில் என்ன பதில் போகும் என்பதை முதலில் சரி செய்துகொள்வோம்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் பெயர். சிரிக்காதீர்கள், இனிஷியல் போடும் நம் ஊர் டாக்டர்களுக்கு இதுதான் முதல் சிக்கல். மருத்துவக் கவுன்சில் பதிவில் எஸ். கார்த்திக், பாஸ்போர்ட்டில் கார்த்திக் சுப்பிரமணியன், முதல் மாநாட்டு போஸ்டரில் கார்த்திக் எஸ்., ஜர்னலில் அப்பா பெயரைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டு சுப்பிரமணியன் கே. ஐந்து வருடம் கழித்து உங்கள் பேப்பரைத் தேடுபவருக்கு நான்கு பேர் கிடைப்பார்கள். ஏதாவது ஒரு வடிவத்தை முடிவு செய்து எல்லா இடத்திலும் அதையே எழுதுங்கள். கூடவே ஓ.ஆர்.சி.ஐ.டி. என்கிற ஆய்வாளர் எண்ணையும் எடுத்துவிடுங்கள். 16 இலக்கம், இலவசம், ஐந்து நிமிட வேலை. கல்லூரி மாறினாலும் பெயரை எழுதும் விதம் மாறினாலும் அந்த எண் உங்களுடனே வரும்.

அடுத்தது மின்னஞ்சல். உங்கள் பெயரில், உங்கள் சொந்தக் கணக்காக இருக்கட்டும். கல்லூரி கொடுக்கும் முகவரி படிப்பு முடிந்ததும் மூடப்படலாம். ஜர்னலில் அச்சான முகவரிக்கு வரும் கடிதம் அப்போது யாருக்கும் போய்ச் சேராது.

வாட்ஸாப்பில் பெயரும் துறையும் தெரிகிறதா என்று பாருங்கள். இரவு பதினோரு மணிக்கு ஒரு சீஃபுக்கு "சார், ஒரு டவுட்" என்று நடிகர் படம் போட்ட ஒரு நம்பரிலிருந்து செய்தி வந்தால் அவர் திறந்துகூடப் பார்க்க மாட்டார்.

ஒரு பக்கத்தில் சி.வி. ஒன்று வைத்திருங்கள். எது முடிந்தாலும் அந்த வாரமே அதில் ஏற்றிவிட வேண்டும். அப்ளிகேஷன் போடும் நாளில் உட்கார்ந்தால் எந்த சி.எம்.இ. (தொடர் மருத்துவக் கல்விக் கூட்டம்) எந்த மாதம் நடந்தது என்பதே ஞாபகத்துக்கு வராது.

கடைசியாக ஒரு சின்ன நோட்டு. போனில் வைத்துக்கொண்டாலும் சரி. ஆள், துறை, எங்கே பார்த்தோம் என்ற மூன்றோடு நான்காவதாக "பாக்கி" என்று ஒரு கட்டம் போடுங்கள். அவருக்கு நான் சொல்ல வேண்டியது, கொடுக்க வேண்டியது என்ன என்பது அதில் வரும். "நெஃப்ரோ ஏ.பி.: டயாலிசிஸ் போன பெரியவர் எப்படி இருக்கிறார் என்று சொல்ல வேண்டும்." அவ்வளவுதான். இந்த வழிகாட்டி முழுவதும் அந்தக் கட்டத்தைச் சுற்றித்தான் ஓடும்.

2. சொந்த யூனிட்டில் முதல் இரண்டு வாரம்

சீஃபைக் கவர நினைப்பதற்கு முன், வார்டில் இருக்கும் எல்லோருடைய பெயரையும் தெரிந்துகொள்ளுங்கள். ஸ்டாஃப் நர்ஸ், லேப் டெக்னீஷியன், ஈ.சி.ஜி. எடுப்பவர், ஸ்ட்ரெச்சர் தள்ளும் பணியாளர், எம்.ஆர்.டி.யில் (மருத்துவப் பதிவேடுகள் பிரிவு) உட்கார்ந்திருக்கும் கிளார்க். இருபது வருடம் அந்த வார்டைப் பார்த்த சிஸ்டருக்கு, எந்த நோயாளி ராத்திரி மோசமாவார் என்று உங்களுக்கு முன்பே தெரியும். அதை அவர் உங்களுக்குப் போன் செய்து சொல்வாரா, டூட்டி டாக்டர் வரட்டும் என்று விடுவாரா என்பது நீங்கள் அவரிடம் பேசும் விதத்தில் இருக்கிறது.

எம்.ஆர்.டி. கிளார்க்கைச் சும்மா சேர்க்கவில்லை. தீசிஸுக்குப் பழைய கேஸ் ஷீட்டுகள் தேவைப்பட்டபோது நான் அவர் முன்னால்தான் போய் நின்றேன். முதல் வருடத்தில் டிஸ்சார்ஜ் ஷீட்டுகளைத் தேதி வாரியாக அடுக்கி நானே கொண்டுபோய்க் கொடுத்ததை அவர் மறக்கவில்லை. இரண்டு நாளில் எல்லாக் கட்டுகளும் வந்துவிட்டன. என் கோ-பி.ஜி. ஒருவர் இரண்டு மாதம் அலைந்தார்.

சீனியர் பி.ஜி.யிடம் கேட்க வேண்டியது: இந்த யூனிட்டில் சீஃப் ரவுண்ட்ஸில் முதலில் எதைப் பார்ப்பார், எந்த ஏ.பி. எந்த விஷயத்தில் கெட்டிக்காரர், எதைக் கேட்டால் யாருக்குக் கோபம் வரும். இதை எந்தப் புத்தகத்திலும் படிக்க முடியாது. கேட்டுவிட்டு, பதிலுக்கு அவருடைய டூட்டி ஒன்றை மாற்றிக்கொடுங்கள்.

இங்கே அடிக்கடி பார்க்கும் பிழை, சீஃப் இருக்கும்போது ஒரு முகமும் இல்லாதபோது வேறு முகமும் காட்டுவது. ஹவுஸ் சர்ஜனைத் திட்டும் பி.ஜி.யைப் பற்றி ஏ.பி.க்குச் சாயங்காலத்துக்குள் தெரிந்துவிடும்.

3. ஒபினியன் வாங்கப் போவது

நம் நோயாளியைப் பற்றி வேறு துறை டாக்டரிடம் கருத்துக் கேட்பதுதான் ஒபினியன். மற்ற துறைக்காரர்கள் உங்களைத் தெரிந்துகொள்ளும் முதல் இடம் இதுதான். பெரும்பாலோர் இதை அலைச்சலாக மட்டும் பார்க்கிறார்கள். யாரோ எழுதிய கேஸ் ஷீட்டைத் தூக்கிக்கொண்டு கார்டியாலஜிக்குப் போய், "சார் ஒபினியன் வாங்கிட்டு வரச் சொன்னாங்க" என்று நிற்பார்கள். எதற்கு ஒபினியன் என்று கேட்டால் ஷீட்டைப் புரட்டுவார்கள்.

முதல் வருடத்தில் நானும் இப்படி மாட்டினேன். கிட்னி ஃபெயிலியரோடு வந்த ஒரு பெரியவருக்கு டயாலிசிஸ் கேட்டு நான்காவது மாடிக்கு ஏறினேன். நெஃப்ரோ ஏ.பி. கேட்டது ஒரே கேள்வி: "பொட்டாசியம் எவ்வளவு?" தெரியவில்லை. "யூரின் எவ்வளவு போறார்?" அதுவும் தெரியவில்லை. அவர் குரலை உயர்த்தவே இல்லை. "பாத்துட்டு வாங்க டாக்டர்" என்றார். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது. கீழே இறங்கி, லேபுக்குப் போய், மறுபடியும் ஏறும்போது ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு போனேன்: பொட்டாசியம் 7.1, பைகார்பனேட் 11, கிரியாட்டினின் 9, யூரின் நேற்றிலிருந்து 150 மில்லி, ஈ.சி.ஜி.யில் டி அலை உயர்ந்திருக்கிறது, கால்சியம் குளுக்கோனேட் போட்டாகிவிட்டது. சீட்டை வாங்கிப் பார்த்தார். "டேபிள் காலி ஆனதும் கூப்பிடறேன்" என்றார். கூப்பிட்டார்.

அன்றிலிருந்து நான் கடைப்பிடித்த வரிசை இது.

முதலில் நோயாளியை நீங்களே போய்ப் பாருங்கள். ஷீட்டில் எழுதியிருப்பது காலை நிலவரம், நீங்கள் கேட்கப்போவது மதியம்.

அடுத்து, கேள்வியை ஒரே வாக்கியமாக்குங்கள். "கார்டியாலஜி ஒபினியன் தேவை" என்பது கேள்வியே இல்லை. "52 வயது அம்மா, சுகர் இருக்கிறது, மூன்று நாளாக மூச்சுத்திணறல். ஈ.சி.ஜி.யில் லெஃப்ட் பண்டில் பிளாக், பழைய ஈ.சி.ஜி. கையில் இல்லை. இன்றே எக்கோ பார்க்க வேண்டுமா?" என்பது கேள்வி. பதில் சொல்பவருக்கு என்ன முடிவெடுக்க வேண்டும் என்று தெரிந்தால்தான் சட்டென்று பதில் வரும்.

மூன்றாவதாக, அந்தத் துறைக்காரர் கட்டாயம் கேட்கும் நான்கைந்து எண்களைச் சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு துறைக்கும் பட்டியல் வேறு. சர்ஜரி என்றால் கடைசியாக எப்போது சாப்பிட்டார், ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுக்கிறாரா. நியூரோ என்றால் கை கால் விழுந்தது எத்தனை மணிக்கு, அதற்கு முன் நன்றாக இருந்ததைக் கடைசியாகப் பார்த்தது யார்.

போய் நின்றதும் உங்கள் பெயர், யூனிட், வருடம் சொல்லுங்கள். அவர் ஓ.பி.யின் நடுவில் இருந்தால், அவசரமில்லாத கேஸுக்கு எப்போது வரலாம் என்று கேட்டுவிட்டு அந்த நேரத்துக்குத் திரும்ப வாருங்கள். அவசரம் என்றால் முதல் வாக்கியத்திலேயே அவசரம் என்று சொல்லிவிடுங்கள், தயங்காதீர்கள்.

கடைசிப் படியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். மறுநாள் போய் என்ன ஆனது என்று சொல்ல வேண்டும். அந்தப் பெரியவருக்கு டயாலிசிஸ் முடிந்து பொட்டாசியம் 5.2 ஆனதும், சாயங்காலம் ஏறிப்போய்ச் சொன்னேன். அரை நிமிடம்தான். "உட்காருங்க" என்று நாற்காலியைக் காட்டினார். ஒபினியன் எழுதிக்கொடுப்பவர் ஒரு நாளில் முப்பது கேஸ் பார்க்கிறார். அதில் எத்தனை பேருக்கு என்ன ஆனது என்று அவருக்குத் திரும்ப வருகிறது? தான் சொன்னது சரியா தவறா என்று தெரிந்துகொள்ள எந்த டாக்டருக்கும் ஆசை இருக்கும். இறந்துபோனாலும் போய்ச் சொல்லுங்கள். அதைச் சொல்ல வருபவர்கள் இன்னும் குறைவு.

இரண்டு வருடம் கழித்து என் தீசிஸில் கிட்னி சம்பந்தப்பட்ட பகுதியைத் திருத்திக்கொடுத்தவர் அவர்தான். நான் கேட்கக்கூட இல்லை.

4. நோயாளியை அனுப்பிவைத்த டாக்டருக்குத் திரும்பச் சொல்வது

ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்தோ தாலுகா மருத்துவமனையிலிருந்தோ 108இல் ஒரு பாம்புக்கடி வருகிறது. ரெஃபரல் சீட்டில் அனுப்பிய டாக்டரின் பெயர், கையெழுத்து, எத்தனை வயல் ஏ.எஸ்.வி. (பாம்பு விஷமுறிவு மருந்து) போட்டார் என்பதெல்லாம் இருக்கும். காஷுவாலிட்டியில் நாம் சொல்வது, "ஏன் இன்னும் சீக்கிரம் அனுப்பல?" அந்தப் பக்கம் நிற்பவர் இரவு முழுக்கத் தனியாக டூட்டி பார்த்தவர். பெரும்பாலும் உங்கள் வயதுக்காரர்.

டிஸ்சார்ஜ் ஆகும் நாளில் அந்த மருத்துவமனை நம்பருக்கு ஒரு போன் போடுங்கள். "நீங்கள் அனுப்பின பாம்புக்கடி கேஸ் நல்லா ஆயிட்டார், வென்டிலேட்டர் தேவைப்படல. நீங்க முதல்லயே ஏ.எஸ்.வி. போட்டு அனுப்பினது பெரிய உதவி." குறை இருந்தாலும் இந்தப் போனிலேயே சொல்லலாம், காஷுவாலிட்டியில் நோயாளியுடன் வந்தவர்கள் முன்னால் சொன்னால் எடுபடாதது இதில் எடுபடும். அவரும் அந்த நோயாளிக்குச் சிகிச்சை தந்த டாக்டர்தான் என்பதால் தகவல் சொல்வதில் தடையில்லை. ஆனால் கதையைக் குரூப்பில் போட வேண்டாம், அவரிடம் மட்டும்.

இன்று அங்கே இருப்பவர் நாளை இன்-சர்வீஸ் (அரசுப் பணியில் இருப்பவர்களுக்கான) இடத்தில் பி.ஜி.யாக உங்கள் துறைக்கே வரலாம். நீங்கள் அந்த மாவட்டத்துக்கு வேலைக்குப் போகவும் கூடும்.

5. டி.ஆர்.பி. (மாவட்ட ரெசிடென்சி திட்டம்) மூன்று மாதம்

தேசிய மருத்துவ ஆணைய விதிப்படி 3, 4, 5ஆம் செமஸ்டர்களில் ஏதோ ஒன்றில் மூன்று மாதம் மாவட்ட அளவிலான மருத்துவமனையில் வேலை செய்ய வேண்டும். நிறைய பேர் இதைப் பரீட்சைக்குப் படிக்கக் கிடைத்த லீவாகவே நினைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கல்லூரிக்கு வெளியே உங்கள் வேலையைப் புதிய கண்கள் பார்க்கும் ஒரே காலம் அது.

முதல் நாள் தலைமை மருத்துவ அலுவலரைப் பார்த்து, எந்த வேலைக்கு ஆள் குறைவு என்று கேளுங்கள். உங்களுக்குப் பிடித்ததைக் கேட்காதீர்கள், குறைவானதைக் கேளுங்கள். டெங்கு சீசனில் காய்ச்சல் வார்டு என்பார்கள், டயாலிசிஸ் யூனிட் என்பார்கள். அந்த ஒரு வேலையை மூன்று மாதமும் ஒழுங்காகச் செய்தால் போதும். கிளம்பும் முன் அங்கிருக்கும் ஃபிசிஷியனின் நம்பரை வாங்கி, உங்கள் கல்லூரியில் பெட் இருக்கிறதா என்று கேட்க வேண்டுமானால் கூப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டு வாருங்கள். கூப்பிடுவார். எரிச்சல்படாமல் எடுக்க வேண்டும்.

6. வாட்ஸாப்பில் செய்யக்கூடாதவை

நோயாளியின் பெயர், ஐ.பி. (உள்நோயாளி) எண், முகம் தெரியும் படம் எதுவும் யாருக்கும் போகக்கூடாது. எக்ஸ்ரே மூலையிலும் ஈ.சி.ஜி. தலைப்பிலும் பெயர் அச்சாகியிருக்கும், அதைத்தான் எல்லோரும் கவனிக்காமல் விடுகிறார்கள். நான் ஒருமுறை அபூர்வமான ஈ.சி.ஜி. என்ற உற்சாகத்தில் பேட்ச் குரூப்பில் போட்டேன். பத்து நிமிடத்தில் நண்பன் ஒருவன், "டேய், இது எங்க ஊர்க்காரர்டா" என்றான். அழித்தேன். ஆனால் அவன் பார்த்தாகிவிட்டது. அதற்குப் பிறகு படத்தை வெட்டாமல் எதையும் அனுப்பியதில்லை. போன் கேலரி தானாக இணையத்தில் ஏறும் அமைப்பையும் நிறுத்தி வையுங்கள்.

பெரியவர்களுக்கு "ஹாய் சார்" என்று மட்டும் அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்காதீர்கள். யார், எதற்கு, என்ன வேண்டும் மூன்றும் ஒரே செய்தியில் இருக்கட்டும். தினமும் குட் மார்னிங் படம் அனுப்புவதை ஒருவர் தொடர்பு வளர்ப்பதாக நினைத்துக்கொண்டிருந்தார். அவரை எத்தனை பேர் மியூட் செய்திருந்தார்கள் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் அதில் நானும் ஒருவன்.

7. மாநாடு: போகும் முன், அங்கே, திரும்பிய பின்

மாநில மாநாட்டில் தொடங்குங்கள். மெடிசின் என்றால் டாபிகான், குழந்தை மருத்துவம் என்றால் டி.என். பெடிகான், எலும்பியல் என்றால் டி.என்.ஓ.ஏ.கான். அகில இந்திய மாநாட்டில் ஆயிரக்கணக்கானவர்கள் நடுவே காணாமல் போவீர்கள். மாநில மாநாட்டில் பார்க்கும் முகங்கள்தான் நாளை உங்கள் எக்ஸாமினராகவும் இன்டர்வியூ போர்டிலும் வருவார்கள்.

அப்ஸ்ட்ராக்ட் (ஆய்வுச் சுருக்கம்) அனுப்பக் கடைசித் தேதி மாநாட்டுக்குப் பல வாரங்கள் முன்பே வந்துவிடும். அதற்கும் முன்பே வேண்டியவை: ஆய்வு என்றால் எத்திக்ஸ் கமிட்டி அனுமதி, கேஸ் ரிப்போர்ட் என்றால் நோயாளியின் எழுத்துப்பூர்வ ஒப்புதல், கைடின் சம்மதம். நோயாளி டிஸ்சார்ஜ் ஆகி ஊருக்குப் போன பிறகு ஒப்புதலுக்காக பஸ் ஏறிய ஜூனியர்கள் உண்டு. வார்டில் இருக்கும்போதே, அவருக்குப் புரியும் தமிழில் சொல்லி வாங்கிவிடுங்கள். அப்ஸ்ட்ராக்ட் தேர்வானாலும், வாசிப்பவர் மாநாட்டுக்குப் பணம் கட்டிப் பதிவு செய்யாவிட்டால் பெரும்பாலும் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்கள். போஸ்டர் நெட்டுவாக்கா படுக்கைவாக்கா, அச்சா திரையா என்று விதிமுறையைப் படித்த பிறகே பிரின்டருக்கு அனுப்புங்கள். நான் படிக்கவில்லை. படுக்கைவாக்கில் அச்சடித்துக் கொண்டுபோய், குறுகலான ஸ்டாண்டில் இரண்டு ஓரமும் காற்றில் ஆட, நாள் முழுக்கப் பக்கத்திலேயே நின்றேன். ஒரு நன்மை, போஸ்டர் ஏன் ஆடுகிறது என்று கேட்டே பத்து பேர் பேசினார்கள்.

பணத்துக்காக மருந்து கம்பெனிப் பிரதிநிதியிடம் போகாதீர்கள். டாக்டர்களுக்கான 2002 ஒழுக்க விதிகளில் 2009இல் சேர்த்த 6.8ஆம் பிரிவு, கம்பெனிகளிடமிருந்து பரிசு, பயணச் செலவு, தங்குமிடம் வாங்குவதைத் தடுக்கிறது. 2024 மார்ச்சில் மத்திய அரசு மருந்து நிறுவனங்களுக்கு வெளியிட்ட நெறிமுறையும் கொடுக்கும் பக்கத்திலிருந்து அதையே சொல்கிறது. விதியை விடுங்கள், யார் காசில் வந்தீர்கள் என்பது பஃபே வரிசையில் எல்லோருக்கும் தெரியும். பி.ஜி.க்களுக்குப் பதிவுக் கட்டணம் குறைவு. நான்கு பேர் சேர்ந்து ஓர் அறை எடுத்தால் சமாளிக்கலாம்.

அங்கே போனதும் மேடைக்குப் பின்னால் பெரியவரைச் சூழ்ந்திருக்கும் கூட்டத்தில் நிற்காதீர்கள். அவருக்கு உங்கள் முகம் நினைவிருக்காது. உங்களைவிட மூன்று முதல் எட்டு வருடம் மூத்தவர்களைத் தேடுங்கள்: டி.எம். (எம்.டி.க்கு அடுத்த சிறப்புப் படிப்பு) படிப்பவர்கள், புதிய ஏ.பி.க்கள். இப்போதுதான் அந்தக் கதவைத் தாண்டியவர்கள் என்பதால் எந்த யூனிட்டில் என்ன வேலை கிடைக்கும், எங்கே கற்றுக்கொடுப்பார்கள், எங்கே டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் எழுத வைப்பார்கள் என்று உள்ளதைச் சொல்வார்கள். காலையில் மெயின் ஹாலைவிட போஸ்டர் பகுதியில் பேச்சு எளிதாகத் தொடங்கும். எதிரில் நிற்பவரும் யாராவது வந்து கேட்க மாட்டார்களா என்றுதான் நின்றுகொண்டிருக்கிறார். அவருடைய போஸ்டரை முழுதாகப் படித்துவிட்டு ஒரு கேள்வி கேளுங்கள்.

"உங்களை எனக்கு ரொம்பப் பிடிக்கும் சார்" என்று தொடங்கினால் பேச்சு அத்தோடு முடிந்துவிடும், அதற்கு அவர் என்ன பதில் சொல்ல முடியும்? அவர் பேசியதிலிருந்து ஒரு சந்தேகம் கேளுங்கள்.

திரும்பிய இரண்டு நாளுக்குள் செய்தி அனுப்புங்கள். என் ஜூனியர்களுக்கு நான் காட்டும் மாதிரி இது. எண்கள் உதாரணத்துக்குத்தான் (எஸ்கர் என்பது ஸ்க்ரப் டைஃபஸ் காய்ச்சலில் பூச்சி கடித்த இடத்தில் வரும் கருப்புப் புண்):

"வணக்கம் சார். நான் டாக்டர் (பெயர்), (கல்லூரி) மெடிசின் இரண்டாம் வருட பி.ஜி. சனிக்கிழமை என் ஸ்க்ரப் டைஃபஸ் போஸ்டரைப் பார்த்துவிட்டு, எஸ்கர் இல்லாதவர்களைத் தனியாகப் பிரித்துப் பார்க்கச் சொன்னீர்கள். பிரித்துப் பார்த்தேன் சார். 42 பேரில் 17 பேருக்கு எஸ்கர் இல்லை. அவர்களுக்கு டாக்ஸிசைக்ளின் தாமதமாகத்தான் தொடங்கியிருக்கிறது. டேபிளை இணைத்திருக்கிறேன். பதில் அவசியமில்லை சார், சொன்னதைச் செய்தேன் என்று தெரிவிக்கத்தான்."

இதில் வேண்டுகோளே இல்லை என்பதைக் கவனியுங்கள். அவர் சொன்ன ஒன்றைச் செய்து, திரும்பச் சொல்கிறது. நான்காவது மாடிக்கு மறுபடி ஏறியது போலத்தான் இதுவும். முதல் செய்தியிலேயே "உங்கள் டிபார்ட்மென்ட்டில் சீட் கிடைக்குமா?" என்று கேட்டுவிடுகிறார்கள். சீட்டு நீட் எஸ்.எஸ். (சூப்பர் ஸ்பெஷாலிட்டி நுழைவுத் தேர்வு) கவுன்சிலிங்கில் கிடைப்பது, அவர் கையில் இல்லை. சங்கடத்தில் பதிலே வராது.

8. சேர்ந்து ஆய்வு செய்வது

சேர்ந்து ஒரு பேப்பர் எழுதினால் உறவு கெட்டிப்படும் அல்லது ஒரேயடியாக முறியும். முறிவது பெரும்பாலும் ஆசிரியர் பெயர் வரிசையில். அதனால் டேட்டா சேர்க்கும் முன்பே, யார் முதல் பெயர், யார் கடைசிப் பெயர், யார் என்ன செய்வார் என்று பேசி ஒரு மின்னஞ்சலில் எழுதிவிடுங்கள். மருத்துவ இதழாசிரியர்களின் சர்வதேசக் குழு ஆசிரியராக இருக்க நான்கு நிபந்தனைகள் வைத்திருக்கிறது: ஆய்வில் குறிப்பிடத்தக்க பங்கு, எழுதுவதிலோ திருத்துவதிலோ பங்கு, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், முழு வேலைக்கும் பொறுப்பேற்றல். நான்கும் வேண்டும். மரியாதைக்காகப் பெயர் சேர்க்கச் சொல்பவரிடம் நேரடியாக மறுப்பது பி.ஜி.க்குக் கஷ்டம், எனக்கும் தெரியும். "சார், ஜர்னலில் ஒவ்வொருவர் பங்கும் எழுதச் சொல்கிறார்கள், உங்களுக்கு என்ன எழுதட்டும்?" என்று கேளுங்கள். சிலர் உண்மையிலேயே டிராஃப்ட்டைத் திருத்திக் கொடுப்பார்கள். சிலர் விலகிவிடுவார்கள்.

சென்னையில் உள்ள ஐ.சி.எம்.ஆரின் தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் இணையவழி நடத்தும் அடிப்படை ஆய்வுப் படிப்பை எப்படியும் முடிக்க வேண்டியிருக்கும். அதை முதல் ஆறு மாதத்திலேயே முடித்துவிட்டு, கம்யூனிட்டி மெடிசின் துறைக்குப் போய் சாம்பிள் சைஸ் பேசுங்கள். டேட்டா முழுவதும் சேர்த்த பிறகு எக்ஸெல் ஷீட்டோடு வருபவர்களையே பார்த்துச் சலித்தவர்கள் அவர்கள். தொடங்கும் முன் வருபவரை நன்றாகவே நடத்துவார்கள்.

"மதிப்புக்குரிய எமினன்ட் டாக்டர்" என்று தொடங்கி, வேறு துறை மாநாட்டில் பேச அழைத்து, கடைசியில் பணம் கேட்கும் மின்னஞ்சல்கள் முதல் பேப்பர் வந்ததும் குவியும். அழித்துவிடுங்கள்.

9. பரிந்துரைக் கடிதமும் அப்சர்வர்ஷிப்பும்

குறைந்தது மூன்று வாரம் முன்னால் கேளுங்கள். உங்களுடன் நேரடியாக வேலை செய்தவரிடம் கேளுங்கள். உங்களைத் தெரியாத டீனின் கடிதத்தைவிட, இரவு டூட்டியில் கூட இருந்த ஏ.பி.யின் கடிதத்தில் சொல்வதற்கு விஷயம் இருக்கும். சி.வி., எதற்கு விண்ணப்பம், கடைசித் தேதி, அவருடன் நீங்கள் பார்த்த இரண்டு மூன்று கேஸ்கள் எல்லாம் ஒரே மின்னஞ்சலில் போகட்டும். "எழுதும் அளவுக்கு என்னைத் தெரியும் என்று நினைத்தால் மட்டும் சார்" என்று ஒரு வரி சேர்த்தால், மனமில்லாதவர் கௌரவமாக ஒதுங்கிக்கொள்ள வழி இருக்கும். முடிவு எதுவானாலும் அவருக்குத் தெரிவிப்பது பாக்கிக் கட்டத்தில் ஏற வேண்டும்.

அப்சர்வர்ஷிப்புக்கு (வேறு மருத்துவமனையில் உடனிருந்து பார்த்துக் கற்பதற்கு), எழும்பூர் குழந்தைகள் நல நிலையமோ வேலூர் சி.எம்.சி.யோ, முதலில் உங்கள் துறைத் தலைவர் வழியாகப் போங்கள். நேரடியாக எழுதி அனுமதி வாங்கிவிட்டு இங்கே லீவு கேட்டால், இரண்டு பக்கமும் கெடும்.

10. விலகி நிற்க வேண்டிய இடம்

வேலை பேச இரவில் ஹோட்டல் அறைக்கு வரச் சொல்வது, கடிதத்துக்குப் பதிலாக எதையோ எதிர்பார்ப்பதாகக் குறிப்பால் உணர்த்துவது, இவற்றுக்கு உரிய பெயர் வேறு. பொது இடம், பகல் நேரம், இன்னொருவரும் உடன் என்று நீங்களே மாற்றிச் சொல்லுங்கள். அதை மறுப்பவரிடம் போக வேண்டாம். செய்திகளை அழிக்காமல் வையுங்கள். 2013 சட்டப்படி, 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் எந்த நிறுவனத்திலும் உள் புகார்க் குழு இருக்க வேண்டும். உறுப்பினர்கள் யார் என்பதைச் சேர்ந்த வாரமே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். சீனியர் என்ற முறையில் யாராவது உங்களிடம் இதைச் சொன்னால், "அவர் அப்படிப்பட்டவர் இல்லையே" என்று தொடங்காதீர்கள்.

11. மாதம் ஒரு முறை அரை மணி நேரம், கடைசியில் நோ டியூஸ்

டூட்டி இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை நோட்டை எடுத்துப் பாக்கிக் கட்டத்தை மட்டும் பாருங்கள். சொல்லாமல் விட்டது, அனுப்பாமல் விட்டது எல்லாவற்றையும் அன்றே முடியுங்கள். இருநூறு பேருடன் பழக வேண்டியதில்லை. எனக்கு மூன்று வருடத்தில் உருப்படியாகச் சேர்ந்தது இருபது பேருக்குள்தான்.

படிப்பு முடியும்போது நோ டியூஸ் (பாக்கி எதுவும் இல்லை என்ற) படிவம் ஒன்று கொடுப்பார்கள். லைப்ரரி, ஹாஸ்டல், லேப், ஒவ்வொரு துறை அலுவலகம் என்று கையெழுத்து வாங்க வேண்டும். பெரும்பாலோர் அதை ஹவுஸ் சர்ஜனிடம் கொடுத்து அரை நாளில் முடித்துவிடுவார்கள். நீங்களே எடுத்துக்கொண்டு போங்கள், இரண்டு நாள் ஒதுக்குங்கள். கையெழுத்து வாங்கும் ஒவ்வொரு இடத்திலும் அடுத்து எங்கே போகிறீர்கள் என்று சொல்லுங்கள், புதிய நம்பரைக் கொடுங்கள், தீசிஸ் டேட்டாவை எந்த ஜூனியரிடம் ஒப்படைத்திருக்கிறீர்கள் என்று தெரிவியுங்கள். நான் கடைசியாகப் போனது எம்.ஆர்.டி.க்கு. கிளார்க் ரெஜிஸ்டரைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "டாக்டர், உங்க பேர்ல ஒரு கேஸ் ஷீட் இன்னும் வரல" என்றார். ஹாஸ்டல் அலமாரியில்தான் இருந்தது. கொண்டுவந்து கொடுத்த பிறகே கையெழுத்துப் போட்டார்.